லிப்ட் அக்கா சீனா போகிறார்

பொத்தானை அமுக்குவதற்கு முன் கதவில் காதை வைக்கிறார். இடது காது. வலது கை மேலே உயர்ந்து, எங்களையெல்லாம் வாயை மூடச் சொல்கிறது. பால் பாக்கெட்டும் குடையும் கையுமாகக் காத்திருக்கும் நாங்கள், டாக்டர் என்ன சொல்வாரோ என்று நிற்கும் சொந்தக்காரர்களைப் போல மூச்சு விடாமல் நிற்கிறோம். அரை நிமிஷம். "மூணாவது மாடிக் கதவுல ரோலர் தேஞ்சிருக்கு. இன்னும் பத்து நாள் தாங்கும். ஏறுங்க." அதற்குப் பிறகுதான் பொத்தான்.

இந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்கெல்லாம் அவர் லிப்ட் அக்கா. அவரைவிடப் பதினெட்டு வயது மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிஷம் நான் தொங்கிக்கொண்டிருந்தபோது, கதவிடுக்கு வழியாக முதலில் தெரிந்த முகம் அவருடையது. "அழாதீங்க சார். மூக்கைத் துடைச்சிட்டுக் கையைக் குடுங்க" என்றார். நான் அழவில்லை. அது வியர்வை. இதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

நீலச் சட்டையில் ஏழு பை. ஸ்க்ரூடிரைவர், டார்ச், டெஸ்டர், துணி, இன்னொரு ஸ்க்ரூடிரைவர், மகள் பாதி தின்றுவிட்டுக் கொடுத்த மிட்டாய். ஏழாவதில் ஒரு நோட்டு. அவர் கவனிக்கும் நாற்பத்தொரு லிப்ட்டில் முக்கால்வாசி சீனாவில் செய்தவை. பெட்டியைத் திறந்தால் பார்க்கும் இடமெல்லாம் சீன எழுத்து. கையேட்டில் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் இருப்பதைப் படித்தால் லிப்ட்டும் ஓடாது, படித்தவருக்கும் பைத்தியம் பிடிக்கும். அதனால் பதினோரு வருஷமாக ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து வரைந்து, பக்கத்தில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார். இருநூற்றுச் சொச்சம். கதவு, திற, மூடு, மேலே, கீழே, பாரம், கோளாறு, ஆபத்து, தொடாதே. வணக்கமும் நன்றியும் இல்லையே என்று கேட்டேன். "எந்த லிப்ட்டும் இதுவரைக்கும் எனக்கு நன்றி சொன்னதில்லையே சார்."

அக்காவுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. லிப்ட்டுக்கு மூளை மாதிரி இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அது கெட்டால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். சீல் வைத்து வரும், பிரிக்கக் கூடாது. "மாட்டிட்டு வா, கேள்வி கேக்காத" என்பது மேனேஜர் வாக்கு. "பதினோரு வருஷமா மாட்டிட்டுத்தான் வரேன். நாலு மாசத்துல அதே கோளாறு திரும்பி வருது. உள்ள என்ன நடக்குதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சாகணும் சார். செஞ்சவங்களையே போய்க் கேட்டா என்ன?"

கேட்கலாம். அதற்கு ஒரு வழியும் இருந்தது. சீன அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் முதுநிலைப் பொறியியல். கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடித்தது வயது. முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு வரும் நவம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். மாலைக் கல்லூரியில் ஆறு வருஷம் படித்து வாங்கிய பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். நான் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். "உங்களுக்கு எழுத வரும், எனக்கு வராது. நீங்க மாட்டிக்கிட்டப்ப நான் வந்தேன்ல?" என்றார். இதற்குமேல் நான் என்ன பேச?

எண்ணூறு சொல்லுக்குக் குறையாமல் படிப்புத் திட்டம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்கா எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே தருகிறேன். "குறை: போர்டு அடிக்கடி கெடுகிறது. எடுத்த நடவடிக்கை: போர்டு மாற்றப்பட்டது. முடிவு: அதே குறை. எடுத்த நடவடிக்கை: போர்டு மாற்றப்பட்டது. முடிவு: அதே குறை. தேவை: படிக்க வேண்டும்." கீழே தேதி, நேரம், கையெழுத்து. வாடிக்கையாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு வேறு. சர்வீஸ் சீட்டு எழுதிப் பழகிய கை!

"இன்னும் கொஞ்சம் நீளமா எழுதணும்க்கா."

"நீளமா எழுதினா அடுத்த ஷிப்ட்காரங்க படிக்க மாட்டாங்க சார்."

நான் விடுவேனா? சிறு வயது முதலே தொழில்நுட்பத்தின்மேல் தணியாத தாகம், இரு நாட்டு நல்லுறவு என்றெல்லாம் அள்ளிவிட்டு எண்ணூற்றைம்பது சொல்லுக்கு இழுத்தேன். அக்கா பேனாவை எடுத்து ஒவ்வொரு அடைமொழியாக அடித்தார். "தாகமெல்லாம் எனக்குக் கிடையாது. கோவம்தான் இருக்கு. கோவம்னு போடலாமா?" மூன்று நாள் சண்டை. கடைசியில் பதினாறு லிப்ட்டின் நோய் வரலாற்றை ஒன்றுவிடாமல் எழுதினோம். எந்த மாதம் எந்த போர்டு போயிற்று, அன்றைக்கு மழையா வெயிலா, மின்சாரம் எத்தனை தடவை போய் வந்தது, அது வரைக்கும். ஆயிரத்து நூறு சொல் வந்தது. ஓர் அடைமொழி இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும், பேராசிரியர்களிடமிருந்து. ஒன்று சுலபமாகக் கிடைத்தது. இன்னொன்றுக்குத் தன் பழைய கல்லூரிக்குப் போனார். பேராசிரியர் அறை ஐந்தாவது மாடி. மூன்று மணிக்குள் போனால் பிடித்துவிடலாம். கீழே லிப்ட் வாசலில் 'இயங்காது' என்று ஓர் அட்டை. உங்களுக்கும் எனக்கும் அது படிக்கட்டைப் பார் என்று அர்த்தம். அக்காவால் அதைத் தாண்டிப் போக முடியுமா? காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம். லிப்ட் ஓடியது. பேராசிரியர் படி வழியாக எப்போதோ இறங்கி வீட்டுக்குப் போயிருந்தார். "எனக்கே என்னை அடிக்கணும் போல இருந்துச்சு சார்" என்று சிரித்தார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. மறுநாள் அந்த லிப்ட்டிலேயே ஏறிப் போய்க் கடிதம் வாங்கினார். அதில் தேதி தப்பு. இன்னொரு நடை.

உடம்புப் பரிசோதனைப் படிவம் தனிக் கூத்து. எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தம் எல்லாம் முடிந்து, செவித்திறன் என்ற இடத்தில் டாக்டர் 'இயல்பு' என்று எழுதினார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "இயல்பா? இன்னொரு தடவை நல்லாப் பாருங்க டாக்டர். ஜாஸ்தியா இருக்கும்."

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், எட்டு வயது, வீட்டில் கூப்பிடுவது குட்டி என்று. வேனில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு மனைவி வேலை செய்யும் கட்டடத்துக்கு வந்து காத்திருப்பார். இந்தச் சீனா சமாச்சாரத்தில் மனைவியைவிட அவருக்குத்தான் வேகம் அதிகம். "போய்ட்டு வாம்மா. தினம் முப்பது பிள்ளைங்களைச் சமாளிக்கிறேன், இது ஒண்ணு எனக்கு எம்மாத்திரம்?" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மார்தட்டினார்.

குட்டி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அந்த முப்பது பேரும் சாயங்காலம் அவங்கவங்க அம்மாகிட்டப் போயிடுவாங்கல்லப்பா?"

அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். அன்றைக்கு இந்த விஷயம் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் காலை படிவத்தோடு வந்து நின்றார். "அவகிட்டப் பேசிட்டேன். மூணு வருஷம்னா எவ்வளவுன்னு கேட்டா. ஆறாங்கிளாஸ் முடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்னேன். சரி போன்னா. சரின்னு சொல்லிட்டு ரெண்டு விஷயம் கேட்டிருக்கா. ஒண்ணு, தினம் வீடியோவுல வரணும். ரெண்டாவது, அப்பா தலை பின்னக் கத்துக்கணும்." சிரித்தார். கண் சிவந்திருந்தது.

நேர்காணல் காணொளியில். எங்கள் வீட்டில்தான் இன்டர்நெட் ஒழுங்காக வரும் என்று என் மேஜையில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால். திரையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அன்றைய பட்டியலில் அக்காதான் கடைசி ஆள். பதினைந்து நிமிஷம் தொழில் கேள்விகள். அக்கா சீட்டு எழுதுகிற மாதிரியே குறை, காரணம், நடவடிக்கை என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "சீன மொழி தெரியுமா? ஏதாவது பேசிக் காட்டுங்களேன்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். திடீரென்று குரல் மாறிவிட்டது. தேன் ஒழுகும் ஒரு பெண் குரலில், ஏற்ற இறக்கத்தோடு, கணீரென்று சீனத்தில் இரண்டு வாக்கியம். புது லிப்ட் வந்து இறங்கும்போது அதற்குள் இருக்கும் அறிவிப்புக் குரல் சீனத்தில்தான் பேசும். பதினோரு வருஷம் கேட்டதில் அச்சு அசலாக வந்துவிட்டது. அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது: "பாரம் அதிகமாகிவிட்டது. கடைசியாக ஏறியவர் தயவுசெய்து இறங்கவும்."

திரையில் அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பக்கத்திலிருந்தவர் எழுந்தே போய்விட்டார். போனது கோபத்தில் இல்லை, தண்ணீர் குடிக்க. சிரிப்பு அடங்கியதும் மூன்றாமவர் நிதானமாகக் கேட்டார்: "முப்பத்துநான்கு வயது. குழந்தை இருக்கிறது. நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிவிட மாட்டீர்களா?"

அக்காவுக்கு ஆங்கிலம் ஒரு நொடி தடுக்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார். எங்கள் தொழிலில் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது சார், உள்ளே ஆள் இருக்கும்.

தகவலுக்கு என் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தோம். பதில் வந்த மத்தியானம் அக்கா எங்கள் கட்டடத்திலேயே, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். படித்ததும் செருப்பில்லாமல் ஓடிப்போய் லிப்ட் கதவைத் தட்டிக் கத்தினேன். "அக்கா! கெடைச்சிருச்சுக்கா!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சத்தம் போடாதீங்க சார். நட்டு கையில இருக்கு."

பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். கையைத் துடைத்தார். என் போனை வாங்கிப் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார். மறுபடி சரிபார்த்தார். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மறைப்பானேன், அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு என் சொந்த வேலையில் கிடைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். வீட்டுக்காரர் இரட்டைப் பின்னல் வரைக்கும் வந்துவிட்டார். இடது பின்னல் நேராக இருக்கிறது, வலது இன்னும் காதுக்கு மேலே போகிறது. குட்டி அதோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். கேட்பவர்களிடம், "இது அப்பா போட்டது, பழகிட்டிருக்காங்க" என்கிறாள்.

இந்த வாரம் முழுக்க அக்காவுக்கு ஒரு வேலை. நாற்பத்தொரு லிப்ட்டிலும் அவருடைய கைபேசி எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டு அடுத்து வருகிறவருடைய எண்ணை ஒட்ட வேண்டும். நேற்றுச் சாயங்காலம் எங்கள் முறை. குட்டி சீருடையும் புத்தகப் பையுமாகக் கூட வந்திருந்தாள். நானும் உள்ளே நின்றேன்.

மற்ற இடங்களில் பிளேடால் சுரண்டித்தான் எடுத்தாராம். இங்கே என்னவோ நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழியாமல் மெதுவாக உரித்தார். புதியதை ஒட்டினார். பழையது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. குட்டி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். எந்த நேரமும் அழைக்கலாம்." பிறகு கேட்டாள், "இந்த நம்பர் அங்கேயும் வேலை செய்யுமாம்மா?"

"செய்யும்டா. கூடவே எடுத்துட்டுப் போறேன்."

"கிளாஸ்ல இருந்தா?"

"கிளாஸ்ல இருந்தாலும் எடுப்பேன்."

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்தார். மகளின் பையைத் திறந்து பென்சில் பெட்டியை எடுத்து, மூடியின் உள்பக்கத்தில் ஸ்டிக்கரை வைத்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல், நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.