பழுப்புக் கோடுகள் நெருங்கும் இடம்

நாங்கள் இரண்டு பேரும் பிரான்ஸுக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கே ஒரு கால்வாய்க் கரையில் கொஞ்ச காலம் குடித்தனம் நடத்தினோம் என்று சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை. எழுபதுகளின் நடுவில், ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், நகராத ஒரு சைக்கிளின்மேல் உட்கார்ந்து என் கணவர் அந்தக் கரையை மிதித்துக் கடந்தார். நான் பக்கத்தில் மோர் டம்ளரோடு நின்றேன்.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வேயர். சைட்டில் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறும்போது விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் அந்தக் காலைப் பார்த்தேன். சூம்பிப்போய், வேறு யாருடைய காலோ போல இருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி சதைக்குப் பலம் வர வேண்டும், சைக்கிள் மிதிக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். கம்பெனி மேனேஜர் நோன்புப் பெருநாள் முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதற்குள் ஏணி ஏற முடிந்தால் டியூட்டி. முடியாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட்.

ஊருக்குப் போவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நான் பெரிய குடும்பத்தில் பிறந்து அதைவிடப் பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறைக்குத் தாழ்ப்பாள்கூடச் சரியாக விழாது. ஷார்ஜாவில்தான் முதன்முதலாக எனக்கென்று ஒரு சாவி கிடைத்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்த் திரும்பி வந்து நானே கதவைத் திறப்பதில் அப்படி ஒரு சுகம். அதை விட்டுக்கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

அதனால் சைக்கிள் விஷயத்தில் நான் போலீஸ்காரிபோலத்தான் இருந்தேன். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருந்த பட்டுக்கோட்டைக்கார வெல்டர் ஒரு பழைய சைக்கிளைப் பிடித்து, பின்சக்கரம் தரையில் படாதபடி இரும்பு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். சக்கரத்தின்மேல் ஒரு தோல் பட்டையும் அதை இறுக்க ஒரு திருகும் வைத்திருந்தார். திருகை முறுக்கினால் பெடல் கனக்கும், தளர்த்தினால் காற்றாய்ச் சுற்றும். திருகு என் பொறுப்பு, மிதிப்பது அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாளே மேல்மாடி பிரெஞ்சுக்கார அம்மா வந்து கதவைத் தட்டினாள். ஸ்டாண்டு போட்ட சத்தத்தில், கீழே இந்தியர்கள் ஏதோ மெஷின் வைத்து அரைக்கிறார்கள் என்று நினைத்தாளாம். உள்ளே வந்து பார்த்தவள், சுவரை வெறித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற என் கணவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் மேலே போய் ஒரு பெரிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளும் அவள் கணவரும் வருஷா வருஷம் லீவில் போய்ச் சைக்கிளிலேயே சுற்றுகிறவர்களாம். போன வழிகளையெல்லாம் அதில் பென்சிலால் வரைந்திருந்தாள். பெரிய ரோடு எதிலும் பென்சில் படவில்லை. எல்லாம் வயலோரம், ஆற்றோரம், தோப்புக்கு நடுவில் போகிற சின்னச் சின்ன வழிகள். "சுவரைப் பார்க்காதே, இதைப் பார்த்துப் போ" என்று சொல்லி அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே தரம்தான் என்பதால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

படத்தைக் கண்டதும் இவருக்கு முகம் தெளிந்தது. சர்வேயர் அல்லவா, நமக்கு நாவல் எப்படியோ அப்படி அவருக்கு மேப். அன்றிலிருந்து சாயங்காலமானால் யாத்திரைதான். "இப்ப நாம ஒரு பாலத்துக்கு அடியில போறோம். வலது பக்கம் தோப்பு. இன்னும் கொஞ்சம் போனா ஒரு மதகு, மதகுக்காரனுக்கு ஒரு வீடு" என்று மூச்சு வாங்கச் சொல்வார். மதகு வந்தால் மோர் என்று நான் ஏற்பாடு செய்தேன். ஜன்னலில் ஏசி பெட்டி உறுமும். தெருவில் டாக்ஸிக்காரர்கள் துபாய், துபாய் என்று கூவுவார்கள். நாங்கள் மட்டும் மர நிழலில் போய்க்கொண்டிருப்போம். எந்த ஊர்ப் பெயரும் எங்களுக்கு வாயில் நுழையவில்லை. அதனால் ஒன்றுக்கு என் சித்தியின் பெயரை வைத்தேன், இன்னொன்றுக்கு இவருடைய தலைமை வாத்தியார் பெயரை வைத்தோம். அந்த நாட்களில் நாங்கள் பேசியதைப்போலக் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

திருகை எப்போது முறுக்கட்டும் என்று கேட்டால், "மேடு வரட்டும், சொல்றேன்" என்பார். மேடு வரவே இல்லை. பிரான்ஸ் தேசம் அப்படித்தான் போலிருக்கிறது, நம் தஞ்சாவூர்போல என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுக்கார அம்மா வந்தாள். எதுவரை போயிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் பெருமையாக நீலக் கோட்டின்மேல் விரலை வைத்து இழுத்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இது கால்வாய்க் கரை. மேசைபோல இருக்கும். இது என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன வழி. அவளுக்கு எழுபது வயது. கூடையில் நாய்க்குட்டியையும் வைத்துக்கொண்டு வந்தாள்."

எனக்குச் சுருக்கென்றது. மேடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் படத்தின் இன்னொரு ஓரத்தைக் காட்டினாள். மெல்லிய பழுப்புக் கோடுகள் அங்கே கொத்துக் கொத்தாக ஓடின. கோடு விலகி இருந்தால் சமதரை, நெருங்கினால் ஏற்றம் என்று விரல்களை அகட்டியும் சேர்த்தும் சொல்லிக்கொடுத்தாள். ஓரிடத்தில் கோடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. உச்சியில் ஒரு சிலுவைக் குறி, சின்ன ஊர். "இங்கே நான் அழுதேன்" என்றாள்.

நேராகக் கோடு போட்டுப் பிழைக்கிற மனுஷன் என்னிடம் இப்படிக் கோணலாக நடந்துகொண்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாயங்காலம் அவர் சைக்கிளில் ஏறியதும் சொன்னேன்.

"இன்னிக்கு வழி மாறுது. இங்க போறோம்."

அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். "அது வேண்டாம்."

"ஏன்? மாமியார் கிழவி அங்க வரலையா?"

நான் திருகை ஒரு முறுக்கு முறுக்கினேன். நாலு மிதி மிதித்துவிட்டு நிறுத்தினார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வலி இல்லையென்றால் பிறகு என்ன? படம் பார்க்கத் தெரியாதவள்தானே என்று ஏமாற்றினீர்களா, பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது தெரியுமா, பெட்டி கட்டட்டுமா என்று நான் பாட்டுக்குக் கொட்டித் தீர்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் நடுவில் நிறுத்தத் தெரியாது.

அவர் சைக்கிளில் இருந்து இறங்கவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சொன்னார். "கால் சரியாயிட்டா அந்த ஏணிதான்மா."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அன்னிக்கு ஒரு கையில அளக்கிற இன்ஸ்ட்ருமென்ட். அதை விட்டிருந்தா ஏணியப் பிடிச்சிருப்பேன். விடல. கட்டிப் பிடிச்சுக்கிட்டே விழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாரும் என்ன சொன்னாங்க? இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு ஒரு கீறல் இல்ல, சபாஷ்னாங்க. நானும் சிரிச்சேன்." ஹேண்டில்பாரை விட்டுக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். "அந்த ஏணிய நெனச்சாலே கை வேர்க்குது. யார்கிட்ட சொல்றது இதை?"

ஆஸ்பத்திரியில் சபாஷ் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஊருக்கு எழுதும்போதும் வீரப் பிரதாபம்போல அதைத்தான் எழுதியிருந்தேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன். வேர்த்த கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சாவி இடுப்பில் குத்தியது. அதையும் நினைத்துத்தான் அழுதேன் என்பதை மறைப்பானேன்.

"கால் வேற, ஏணி வேற" என்றேன். "கால் உங்களுக்கு வேணும். எனக்கும் வேணும். ஏணி வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. அனுப்பினா போவோம்."

"ஊருக்கா? நீயா?"

"ஆமா. நான்தான். இப்ப மிதிங்க."

மிதித்தார். அதற்குப் பிறகு மேட்டு வழிதான். கோடு நெருங்க நெருங்க நான் திருகுவேன், அவர் பல்லைக் கடிப்பார். சில நாள் பாதியில் இறங்கிவிடுவார், தள்ளிக்கொண்டு போவதாகக் கணக்கு வைத்துக்கொள்வோம். அந்தச் சிலுவை ஊரை எட்டிய அன்று பனியன் நனைந்து சொட்டியது. நான் மோரை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க நின்னா கீழ இந்த ஆறு தெரியும்" என்றார். "முழுசும் தெரியாது, இந்த மேடு மறைக்கும். கால்வாயும் தெரியும். மரம்தான் வரிசையா தெரியும், தண்ணி தெரியாது. உன் சித்தி ஊர் அந்தப் பக்கம் பள்ளத்துல இருக்கு."

அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவள்கூட இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லவில்லை. கோடுகளை வைத்து இவர் சொல்கிறார். உயரத்தில் நிற்கிறீர்களே, பயமாக இல்லையா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. இங்க கால் தரையிலயே இருந்துச்சு" என்றார்.

பெருநாள் கழிந்து கம்பெனிக்குப் போனோம். அவருக்குத் துணையாக நானும் போனேன். மேனேஜர் பாலஸ்தீனக்காரர், வயதானவர். எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு ஆபீஸின் வெளிப் படிக்கட்டைக் காட்டி ஏறச் சொன்னார். இவர் கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்கினார். மேனேஜருக்கு மகிழ்ச்சி. "கலாஸ், முடிந்தது! நாளைக்கே தொட்டிக்குப் போ" என்று முதுகில் தட்டினார்.

இவர் நின்றுகொண்டே சொன்னார். "சார், எனக்குப் பயமாக இருக்கிறது. கால் நன்றாகிவிட்டது. ஆனால் ஏணியில் இனிமேல் ஏற மாட்டேன். தரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கிறேன்."

அறையில் இன்னும் இரண்டு என்ஜினியர்கள் இருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவருக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன், இருமிக்கொண்டார். மேனேஜர் மேசைமேல் இருந்த ஃபைலைப் புரட்டினார். அப்புறம் மலைப் பக்கம் புது ரோடு போடுகிறார்கள், அங்கே ஆள் வேண்டும் என்றார். கேம்ப் வாழ்க்கை, வெள்ளி லீவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வரலாம், சம்பளமும் குறையும், யோசித்துச் சொல் என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறேன் என்பது படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தாலும் வருத்தம் மேலே வரவில்லை. என் அப்பா, அண்ணன்மார், மாமனார் என்று எத்தனையோ ஆண்களுக்கு நடுவில் வளர்ந்தவள், வாழ்ந்தவள் நான். அவர்களும் எதற்காவது பயந்திருப்பார்கள். ஒருத்தராவது அதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. இவர் சொல்லிவிட்டார், நாலு பேர் நடுவில், வேலை போனாலும் போகட்டும் என்று. டாக்ஸிக்காகத் தெருவில் நின்றபோது, "தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார். இந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டதற்கு எனக்கு அப்படி ஒரு கர்வமாக இருந்தது. அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன்.