மச்சான் விட்ட இரண்டடுக்கு ராக்கெட்

போன வாரம் மகளின் காதுகுத்துக்குப் பிளெக்ஸ் அடிக்கலாம் என்று ஒரு கடைக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததுமே அந்த வாடை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயின்ட் மாதிரியும் இருக்கும், பெட்ரோல் மாதிரியும் இருக்கும். மூக்கின் மேல்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் வரை இறங்காது. மிஷின் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு கட்சிக்காரர் மீசை வரைக்கும் வெளியே வந்திருந்தார். "போட்டோ கொண்டாந்திருக்கீங்களாக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். கட்சிக்காரருக்கு வாயும் தாடையும் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்த வாடைக்கும் எனக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சொல்கிறேன். உங்களுக்கு ஏதாவது சோலி இருந்தால் முடித்துவிட்டே வாருங்கள், கதை எங்கும் ஓடிவிடாது.

என் அக்கா ஜெயந்தியைக் கட்டியவர் பாண்டி மச்சான். போடியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் கடை வைத்திருந்தார். பிளெக்ஸ் கடையில் பாதி நேரம் மிஷின்தான் உழைக்கும். மனுசன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்கிற மனுசன் கையில் போன் இருந்தால் என்ன ஆகும்? வெளிநாட்டுக்காரர்கள் புல்வெளியில் நின்று அட்டையில் செய்த ராக்கெட் விடுவதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒன்று இரண்டடுக்கு. கீழடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழுகிறது. விழுகிற நேரத்தில் மேலடுக்கு பற்றிக்கொண்டு இன்னும் மேலே போகிறது. மச்சானுக்கு அது பிடித்துப்போயிற்று.

"ஒத்த அடுக்குன்னா திருவிழாவுல விடுற வாணம் மாதிரிதான. ரெண்டடுக்கு விட்டாத்தான் ராக்கெட்டு" என்பார்.

அக்கா என்னிடம் சொன்னாள்: "ஒங்க மச்சான் என்னைய விட்டுட்டுச் சந்திரனுக்குப் போகப் போறாகளாம்டி. போறப்ப வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லு."

அந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த வேனில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வருகிற கடைகளின் பெயர்களை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. டயர் கடை, முறுக்குக் கடை, மறுபடி டயர் கடை.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை மச்சானே அடித்தார். யாராவது வேறு கடையில் அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு, "நம்ம கடை இருக்கும்போது என்னத்துக்கு" என்றார். நானும் கூடப் போயிருந்தேன். முதலில் அக்காவின் தலையில் இருந்த பூ வந்தது. அப்புறம் நெற்றி. அப்புறம் புருவம். எல்லார் படத்துக்கும் அவர் முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுவது வழக்கம். ஜனங்களே கேட்டு வாங்குவார்கள். அக்காவுக்கும் கைப்பழக்கத்தில் தூக்கிவிட்டிருந்தார். பாதி முகம் வந்தபிறகு மிஷினை நிறுத்தி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளுடைய நிறத்திலேயே மறுபடி முதலில் இருந்து அடித்தார். நாங்கள் இருவரும் அழவில்லை. வாடை மட்டும் பலமாக இருந்தது.

நான் அப்போது ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலையிலிருந்து வருகிற காயைச் சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, மூட்டைக்குச் சீட்டுக் கட்டுகிற இடம். பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் சேலையை மோந்தே "ஏலக்காய்க் கடையாம்மா?" என்று கேட்பார்கள். அக்காவின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்கு மட்டும் அந்த மணம் தெரியவில்லை. சளி பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்துப் பார்த்தேன். தைலமும் மணக்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று யோசித்து, யோசித்ததே அலுப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அம்மா அடுப்படிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான்தான் சமைத்தேன். "பாண்டி வெளியில சாப்புடுது. ஒரு தூக்குச் சட்டியில கொண்டுபோய்க் குடுத்துட்டு வாத்தா" என்பாள் அம்மா. வேலை முடிந்து சாயங்காலம் கொண்டுபோவேன். மச்சான் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் தருவார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் போனபோது ஸ்டிக்கர் ரோல் சுற்றி வருகிற அட்டைக்குழாயைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். "இதப் புடி, ஆத்தா" என்றார். பிடித்தேன். மறுநாளும் பிடித்தேன். அப்படித்தான் நான் ராக்கெட் செய்ய ஆரம்பித்தேன். விஞ்ஞான ஆர்வம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் தப்பித்ததே பெரிய காரியம்.

அந்தக் குழாய் கனமாக இருந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பழைய காலண்டர் தாள்களைப் பசை தடவி ஒரு பிளாஸ்டிக் பைப்பின் மேல் சுற்றி, காய்ந்ததும் உருவியெடுத்தோம். கீழடுக்குக்கு ஒன்று, மேலடுக்குக்கு ஒன்று. போர்டு செய்கிற மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் இறக்கைகள் வெட்டினோம். மூக்குக்குத் தெர்மாகோலைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நான்தான் பெயின்ட் அடித்தேன். வெடிமருந்துக் குழல்களை மச்சான் கோயில்களுக்கு வாணம் கட்டுகிற ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினார். அது மட்டும் தன் கைக்கு வேண்டாம் என்றார். "வெரலு இருந்தாத்தான் பொழப்பு."

ராக்கெட் நேராகப் போகுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நடுவில், எடை சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் சரி. வாலை முன்னால் திருப்பிக்கொண்டால் மூக்கில் இன்னும் எடை வேண்டும். கடைக்குப் பின்னால் சந்தில் நின்று நான்தான் சுற்றினேன். காற்று முகத்தில் அடிக்கும். எதிர்ச்சாரி மெக்கானிக் கடையில் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? பேச்சு தேவாரம் ஊரில் இருக்கும் என் தாய்மாமாவின் காதுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவிடம் உட்கார்ந்தார். "தப்பா ஒண்ணும் இல்லக்கா. மூத்தவ இருந்த எடத்துல எளையவளக் குடுக்கிறது நம்மள்ல உள்ளதுதான. அந்தப் பயலும் நல்ல பய. புள்ளையும் அங்கிட்டே போயி வந்துக்கிட்டு இருக்கு."

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஒனக்குச் சம்மதமாத்தா?"

"சரி" என்றேன்.

அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காபி வேண்டுமா, சரி. மூட்டையை அங்கே நகர்த்தட்டுமா, சரி. அதே குரலில் இதற்கும் சொன்னேன். மாமாவுக்குச் சந்தோசம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை ராசிங்காபுரத்துப் பக்கம், உழுது போட்டிருந்த ஒரு வெற்று நிலத்தில் விட்டோம். தீப்பிடிக்க ஒரு புல்கூட இல்லாத இடம் பார்த்து நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். வண்டி பேட்டரியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, தள்ளி நின்று மச்சான் பொத்தானை அழுத்தினார். சீறிக்கொண்டு போனது. கீழடுக்கு கழன்றது. மேலடுக்கு பற்றவில்லை. கொஞ்ச நேரம் ஆகாயத்தில் என்ன செய்வதென்று தெரியாத மாதிரி நின்றுவிட்டு, தலைகீழாக வந்து உழவுச்சாலில் குத்தியது. மூக்கு நசுங்கிவிட்டது. மச்சான் எடுத்துப் பார்த்து, "சேருற எடத்துல எடவெளி அதிகமாயிருச்சு, தீ மேல எட்டல" என்றார். திரும்பும் வழியில் டீ குடித்தோம். வருத்தப்படவில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போல.

மறுபடி செய்தோம். அதற்குள் மலையில் மழை இறங்கிவிட்டது. போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் மச்சானுக்குத் தெரிந்த சூப்பர்வைசர் இருந்தார். செடியே இல்லாத பெரிய பாறை ஒன்று அங்கே இருக்கிறது, சுற்றிலும் ஈரம், பயமில்லை என்றார். காலையில் கூலிக்குப் போகிறவர்களின் ஜீப்பிலேயே நாங்களும் ஏறிக்கொண்டோம். நான் ராக்கெட்டை மடியில் வைத்து, வளைவுக்கு வளைவு சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு கூலிக்கார அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பாதி மலையாளத்தில் கேட்டது, "இதென்ன சாதனம், மோளே?"

"ராக்கெட்டு."

"எங்கிட்டுப் போகுது?"

"மேல" என்றேன். அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பாறை கருப்பாக, நனைந்து கிடந்தது. கீழே சரிவு முழுக்க ஏலச்செடி, அதற்கு மேல் நிழல்மரங்கள், மரங்களுக்கு மேல் வெள்ளையாக மஞ்சுமூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. மச்சான் பாறை வெடிப்பில் ஒரு கம்பியை நட்டு ராக்கெட்டை அதில் மாட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த பேட்டரிக்கு ஒயரை இழுத்துக்கொண்டு இருவரும் பின்னால் போனோம். மஞ்சு விலகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றோம். விலகியதும் அழுத்தினார்.

போனது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கீழடுக்கு கழன்று, புகையை விட்டுக்கொண்டே சுழன்று விழுந்தது. விழும்போதே மேலே ஒரு சின்ன வெளிச்சம். மேலடுக்கு பற்றிக்கொண்டது. வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஏறி, மேற்கே சாய்ந்து, முகட்டுக்கு மேலே மஞ்சுக்குள் போய்விட்டது. நாங்கள் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வரவே இல்லை. கேரளாவுக்குள் விழுந்திருக்க வேண்டும்.

கை தட்டவில்லை, ஒன்றும் இல்லை. கீழடுக்கைத் தேடி ஏலச்செடிக்குள் இறங்கினோம். இலைத் தண்ணீரில் இடுப்பு வரை நனைந்த பிறகுதான் கிடைத்தது. வாய்ப்பக்கம் கருகி, இன்னும் சூடாக இருந்தது. பாறையில் ஏறி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். மச்சான் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"ஆத்தா, இதுல உப்பு இல்ல."

நானும் வாயில் போட்டுப் பார்த்தேன். இல்லைதான்.

"நேத்து?" என்றார்.

"தெரியல, மச்சான்."

"அதுக்கு முந்தி?"

உட்கார்ந்து யோசித்தேன். உப்பு ஜாடியை எப்போது கடைசியாகத் திறந்தேன் என்று ஞாபகமே வரவில்லை. அம்மாவும் அதைத்தான் சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சாப்பிட்டுக் கழுவித் தந்திருக்கிறார். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

மச்சான் சாதத்தை மூடி வைத்தார். "ஒங்க மாமா வந்தாரு. நீ சரின்னு சொன்னியாம்ல."

"ஆமா."

"எதுக்குச் சொன்ன?"

"கேட்டாங்க. சொன்னேன்."

கருகிய குழாயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "நான் முடியாதுன்னு சொல்லப் போறேன், ஆத்தா. நீ நல்ல புள்ள, ஒங்கிட்ட ஒரு கொறையும் இல்ல. ஆனா ரெண்டு பேரும் உப்பில்லாமத் தின்னுக்கிட்டு, இல்லேங்கிறதும் தெரியாமயே ஒரு வீட்டுல கெடந்துருவோம். ஒங்க அக்கா பாத்தா காறித் துப்புவா."

"சரி" என்றேன். அந்த ஒரு சரியைத்தான் நான் கேட்டுப் புரிந்து சொன்னதாக நினைக்கிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அங்கேதான். எனக்கு அழுகை வரவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது வருவதற்கு இன்னும் ரொம்ப நாள் ஆயிற்று; அப்போதும் ஒரு பொருத்தமும் இல்லாமல், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வந்தது.

மாமா கோபித்துக்கொண்டார். "நாம எறங்கிப் போயிக் கேட்டும் வேண்டாம்னுட்டான்" என்று ஊர் முழுக்கச் சொன்னார். அதற்கப்புறம் நான் சாப்பாடு கொண்டுபோவது சரியில்லை என்றாகிவிட்டது. மச்சான் மிஷினை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு, துணியில் பிரிண்ட் போடுகிற கம்பெனி வேலைக்குப் போனார். என் கல்யாணத்துக்கு வந்தார். அவரை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவராகவே ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார். பிறகு திருப்பூரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நான் நூலில் ராக்கெட் சுற்றிய சந்தின் வாயை அடைத்துச் சுவர் வைத்துவிட்டார்கள். பாறைக்குப் போகிற வழியில் கேட் போட்டுத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். அம்மாவும் போய்விட்டாள்.

கொரோனா சமயத்தில், எல்லாரும் எல்லாருக்கும் போன் போட்டு இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்ட நாட்களில், மச்சானும் கூப்பிட்டார். "நல்லா இருக்கியா, ஆத்தா?" என்றார். இருக்கிறேன் என்றேன். அவருக்கு ஒரு பெண் குழந்தையாம். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பெண் குரல், "யாருங்க போன்ல?" என்றது.

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருப்பார் போல. ஆனாலும் கேட்டது.

"போடியில தெரிஞ்சவங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வேறு எப்படிச் சொல்வது? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மறுபடி போனைக் காதில் வைத்து, "அப்பறம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "சரிங்க, வச்சிர்றேன்."

மச்சான் என்று சொல்லாமல் அவரிடம் நான் பேச்சை முடித்தது அதுதான் முதல் தடவை.