வெலிமடைக்காரரின் நீலக் கார்ட்

வங்கியில் கார்ட் மேசையை எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில், பதுளைக் காற்று நேரே முகத்தில் அடிக்கிற இடத்தில்தான் போடுவார்கள். அங்கே ஒரு மழைக்காலம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக ஒன்றும் இராது, பெருமூச்சு விட்டுவிட்டு என்னோடு சேர்ந்துகொள்ளலாம்.

சுரண்டிப் பார்த்தவர்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தெமோதரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் தலைமையகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே நீல நிறத்தில் பிரீபெய்ட் கார்ட்கள். முதலில் நம்முடைய காசைக் கட்டி அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பிறகு ஏற்றிய அளவுக்குச் செலவழிக்கலாம். கடனும் கிடையாது, வட்டியும் கிடையாது. இதை விற்பது என் வேலை என்று மெனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் பிரீபெய்ட் என்றால் எங்கள் பக்கத்தில் போன் கார்ட் ஒன்றுதான் தெரியும். என்னிடம் முதல் கார்ட் வாங்கியவர் பசறை வீதியில் தேநீர்க்கடை வைத்திருந்த பெரியவர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே போனார். மழைக்கு ஒதுங்கி நின்று, கார்டின் பின்பக்கத்துக் கறுப்புப் பட்டையை ஒரு நாணயத்தால் பொறுமையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஓடுவதற்குள் அவரே உள்ளே வந்து விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளைக் காட்டினார்.

"நல்லாத்தான் சுரண்டிட்டேன் மிஸ், நம்பர் இன்னும் வெளிய வரல."

பேர் கெட்டவர்

சிவலிங்கம் வெலிமடைக்காரர். யாருடையதோ ஒரு லொறியில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு பதுளைச் சந்தைக்கு வருவார். தொண்ணூறுகளில் அவரே குத்தகைக்கு நிலம் எடுத்து உருளைக்கிழங்கு போட்டவர். எங்கள் கிளையில்தான் கடன் எடுத்திருந்தார். கிழங்கு தோண்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு கப்பலில் வந்து இறங்க, விலை விழுந்தது. கடன் கட்டுவது நின்றுபோனது. அன்றிலிருந்து எந்த வங்கியில் போய்க் கேட்டாலும் கொம்பியூட்டரில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சொந்தமாக ஒரு லொறி வாங்கவேண்டும் என்பது அவருடைய கனவு. அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும், பக்கத்தில் யாரோ தூங்குவது போல. நீலக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத ஒழுங்கா வச்சிருந்தா என் பேரு மறுபடி நல்லாயிருமா மிஸ்?" என்று கேட்டார். ஆகாது என்று அப்போதே சொன்னேன். இது உங்கள் காசை நீங்களே எடுத்துச் செலவழிப்பது, யாரும் உங்களை நம்பித் தருவது இல்லை, அதனால் இதைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதி வைக்கமாட்டார்கள் என்றும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பெயர் பொறித்த கார்ட் வந்த அன்று, மேடாக எழும்பியிருந்த எழுத்துக்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"பரவால்லங்க மிஸ். பேங்க்காரங்க என் பேர இவ்வளவு அழகா எழுதி நான் பாத்ததில்ல."

மடுல்சீமையில் ஒரு பகல்

ஆசிரியர்களுக்குக் கார்ட் விற்கலாம் என்று மெனேஜருக்கு யோசனை வந்தது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு என்னை அனுப்பினார். பஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாத பாதை. கொழுந்து எடுக்கிற பெண்களின் தலைகள் மட்டும் பனிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு, யாரோ மலையை மெதுவாக அழித்துக்கொண்டு வருவது போலிருந்தது. பாடசாலைக்குள் போனாலும் பனி விடவில்லை. ஜன்னல் வழியாக வந்து எங்களோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கார்ட் யாருக்கும் வேண்டாம். அதைப் போட்டுக் காசெடுக்க பதுளைக்கு வரவேண்டும் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். சுந்தரராஜ் என்ற இளம் ஆசிரியர் மட்டும் இருந்தார். வீட்டுக் கடன் பற்றிக் கேட்டார். பசறைக்குக் கிட்ட சின்னதாகக் காணி வாங்கியிருந்தார். மனைவி, கைக்குழந்தை, அப்பா, அம்மா எல்லோரும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பரா அறையில் இருந்தார்கள். விண்ணப்பித்த இடமெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கிழங்குக்கு எடுத்த கடனுக்கு இவர் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தாராம். "வெலிமடையில இருக்காங்க. இப்ப நான் அங்க போறதில்ல" என்றார்.

எனக்கு யார் என்று விளங்கிவிட்டது. ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. ஆறிப்போன தேநீரைக் குடித்தேன். அவர் குழந்தையின் படத்தைக் காட்டிவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் காச நான் தொட்டுக்கூடப் பாக்கல மிஸ், கெட்ட பேரு மட்டும் எனக்கும் சேர்த்து வந்திருச்சு."

குலம் சேரின் விளக்கம்

சிவலிங்கம் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் கார்டில் காசு ஏற்றினார். செலவழிக்கவே மாட்டார். வெலிமடையில் அவர் போகிற கடைகளில் அந்தக் கார்டை வாங்குகிற இயந்திரம் இல்லை. பையில் காசாக இருந்தால் டயருக்கும் தண்ணிக்கும் போய்விடும், இதில் ஏற்றினால் காசுக்கே வழி தெரியாமல் அங்கேயே கிடக்கிறது என்பார். பேர் நல்லாகும் என்ற நினைப்பை மட்டும் அவர் விட்டபாடில்லை. நான் சொன்னால் நம்பவில்லை என்பதால், கடன் பகுதி அதிகாரி குலம் சேரிடம் கூட்டிப்போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வந்து வருடங்கள் ஆகியும் மேல்சட்டைக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் வரமாட்டார்.

"இஞ்சை பாருங்கோ" என்று குலம் சேர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது உங்கட பழைய கடன். கட்டேல்லை எண்டு கிடக்கு. நீங்கள் கார்டிலை போட்ட காசு இதிலை ஒரு எழுத்தும் இல்லை. முதல் பழைய கடனைத் தீருங்கோ. பிறகு கொஞ்சக் காசை நிலையான வைப்பிலை போட்டு, அதை வச்சு ஒரு சின்னக் கடன் எடுத்து, தவணை தவறாமக் கட்டுங்கோ. அது எழுதப்படும். பழைய வரி உடனை மறையாது, ஆனா அதுக்குக் கீழை நல்ல வரிகள் வரும்."

சிவலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கனவிலிருந்து எழுப்பப்பட்டவருடைய முகம் அது.

"அப்ப காசு இருக்கிறவன இந்தப் பொட்டிக்குத் தெரியாது, கடன் வாங்குறவனத்தான் தெரியும், அப்படித்தானுங்களே சேர்?"

மழை விடும்வரை

அடுத்த தடவை வந்தபோது அவர் கையில் ஒரு வாய்ப்பு இருந்தது. பண்டாரவளையில் ஒருவர் பழைய லொறி ஒன்றைத் தவணைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். முற்பணம் மட்டும் கொடுத்தால் போதும், வங்கி வேண்டாம். கார்டில் இருந்தது அதற்குச் சரியாகப் போதும். குலம் சேர் தலைமையகத்தோடு பேசி வட்டியில் ஒரு பகுதியைக் குறைத்து வைத்திருந்ததால், பழைய கடனைத் தீர்க்கவும் அதே காசு போதும். இரண்டுக்கும் போதாது. "கடன் தீர்ந்தால் பிணை நிண்டவருக்கும் விடுதலை" என்று குலம் சேர் சொன்னது அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

வாசலோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வெளியே மழை நிதானமாகப் பெய்தது. பஸ்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நீருக்கடியில் போவது போலப் போயின. நான் இரண்டு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன், மூன்றாவது ஆளின் பெயரைத் தப்பாக எழுதினேன். வாய்வரை வந்த மடுல்சீமைப் பேச்சை விழுங்கிக்கொண்டு இருந்தேன். மழை விட்டதும் எழுந்து வந்து கார்டை மேசையில் வைத்தார்.

"பழைய கடனுக்கே எடுத்துக்குங்க மிஸ். லொறி இன்னொன்னு கிடைக்கும், என் சம்சாரத்துக்குத் தம்பி ஒருத்தன்தான்."

கிழங்கு மூட்டை

பிணை நீங்கியதும் சுந்தரராஜின் வீட்டுக் கடன் எங்கள் கிளையிலேயே அனுமதியானது. வீடு குடிபுகுந்த அன்று குலம் சேரையும் என்னையும் அழைத்திருந்தார். பசறைக்குப் போனோம். பூச்சு முடியாத சுவர், கதவில்லாத ஓர் அறை, வாசலில் மாவிலை. பனி கலைந்து, வெயில் வந்துவிட்டதா என்று சந்தேகப்படும்படியான வெளிச்சம். லயத்திலிருந்து வந்த உறவினர்கள் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

யாருடையதோ ஒரு லொறி வந்து கீழே நின்றது. சிவலிங்கத்தின் மனைவி முதலில் இறங்கி நேராக உள்ளே போய்த் தம்பியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சிவலிங்கம் ஒரு கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வேலிப் படலைக்கு வெளியே அதன் பக்கத்திலேயே நின்றார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. எல்லோரும் வேறு எங்கோ பார்த்தோம். சுந்தரராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை சிவலிங்கம் பிடித்தார். வாசலுக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள், சுந்தரராஜ்தான் ஒதுங்கி வழி விட்டார்.

"கதவு சின்னது மச்சான், பக்கத்துல பக்கத்துல வந்தா இடிக்கும், நீங்க முதல்ல உள்ள போங்க."

பிரீபெய்ட் கார்ட் கெட்ட பேரைத் திருத்துமா என்று இப்போதும் யாராவது கேட்டால் திருத்தாது என்றுதான் சொல்கிறேன், அதை எங்கேயுமே செலவழிக்க முடியாத ஊரில் நீங்கள் இருந்தால் மட்டும் கொஞ்சம் உதவும்.