கையை நீட்டினால்தான் பேச்சு வரும்

நோயாளியைப் பேச வைப்பதுதான் இனி உன் வேலை என்றார்கள். அதுவரை நான், "பிரஷர் பார்க்கும்போது பேசாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் தாதி நான். பிரஷர், சீனி வியாதி என்று வருபவரின் மனசும் சரியில்லை என்று டாக்டருக்குப் பட்டால், அவரே கூட்டிவந்து அடுத்த அறையில் எங்களிடம் விடுவார். அந்த வேலைக்கு என்னைப் பழக்குபவர் தெரேசா அக்கா. கான்வென்ட்டில் வாயை மூடிப் பழகிய எனக்கு இது புதுசு. போதாததற்குக் கைக்குழந்தைக்காரி. உங்களில் சிலரைப் போல நானும், தூங்கும் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தே விடியவைப்பவள். வெளியே சொன்னால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

காலி மேசை

முதலில் வந்தவர் ஜுருவில் ஃபேக்டரி வேலை செய்யும் ஓர் அண்ணே. மனைவியை இழந்தவர். உட்கார்ந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் நீட்டினார்.

"இங்க பிரஷர் பார்க்கறதில்லண்ணே. சும்மா பேசலாம்."

கையை மடக்கிக்கொண்டார். தூக்கம்? ஓகே லா. சாப்பாடு? ஓகே லா. எழுந்து போகும்போதுதான் முழுசாக ஒரு வாக்கியம் வந்தது: "ஒன்னும் பாக்காம என்னத்த மிஸ்ஸி பேசுறது?"

பட்டை கட்டியபின்

அடுத்த முறை பிரஷர் மெஷினை மேசையில் வைத்திருந்தேன். பட்டையைக் கட்டினேன், பார்த்தேன், அவிழ்க்கவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஃபோன இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன் மிஸ்ஸி. பைத்தியம்னு நெனப்பாளேன்னு மககிட்டகூட சொல்லல."

என் முறை

அவர் போனதும் பட்டையைச் சுருட்டினேன். தெரேசா அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கைய நீட்டு."

"எனக்கு ஒன்னுமில்லக்கா."

"கண்ணப் பாரு, பசார்ல சாயங்காலம் மிஞ்சின மீன் மாதிரி இருக்கு. நீட்டு."

பட்டையில் காற்று ஏறி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளையின் மூச்சு, என் விரல், வேலை போய்விடுமோ என்ற பயம். அக்கா சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை பட்டையையும் அவிழ்க்கவில்லை.

"வா, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த வாரம் அந்த அண்ணே திரும்ப வருவாரு, நீதான் பாக்கணும்."

அன்று என் பிரஷர் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், பேசிக்கொண்டே பார்த்தால் அது சரியாக வராது.