சாக்கின் காது

என் நாவலைப் படித்துவிட்டு அழுதேன் என்று எழுதுகிற வாசகிகளை நான் அப்படியே நம்புவேன். எங்கள் களத்தில் உட்கார்ந்து என் வாயால் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைப்பவர்களை மட்டும் நம்ப மாட்டேன். அங்கே எல்லார் கையிலும் சின்ன வெங்காயம் இருக்கும்.

நான் காதல் கதை எழுதிப் பிழைக்கிறவள். குன்னத்துக்குப் பக்கத்தில் ஊர். கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் வெங்காயமும் மற்ற இடத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் வைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். முதல் நாவலைக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தவர் என் வீட்டுக்காரர்தான். பருத்தி விதை வாங்கப் பெரம்பலூருக்குப் புறப்பட்டவர், "குடு, அப்படியே போட்டுட்டு வரேன்" என்று காகிதக் கட்டை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். என்ன கதை என்று கேட்கவில்லை. இன்றுவரை ஒன்றையும் படித்ததும் இல்லை. "உன்னைத்தான் நெதம் பாக்குறேனே, அது போதாதா" என்பார். இதற்காக நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட காலமும் உண்டு. இப்போது யோசித்தால், அவர் படிக்காமல் இருந்தது பெரிய உபகாரம். என் கதாநாயகர்களில் ஒருவன்கூட அவரைப் போல இல்லை என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

மாத நாவல் எழுதிய காலம் போய், இப்போது செல்போனில் தொடராக வருகிறது. வியாழக்கிழமை காலைக்குள் ஒரு அத்தியாயம் போட்டாக வேண்டும். ஒரு மணி நேரம் தாமதமானால், "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை இவ்வளவு தேடியதில்லை.

காலையில் மாடு கறந்து, அடுப்பு வேலை முடிந்ததும், பருத்தி போட்டு வைக்கிற அறையில் மூட்டையில் சாய்ந்துகொண்டு கோடு போட்ட நோட்டில் எழுதுவேன். பிறகுதான் போனில் ஏற்றுவது. சண்டைக் காட்சி மட்டும் அந்த அறையில் வராது. அதற்கு அரியலூர் பஸ்தான். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது காதில் விழுந்தால் போதும். ரெண்டு அத்தியாயம் தேறிவிடும்.

வெங்காயம் எடுக்கிற நாட்களில் எனக்கு இன்னொரு வழக்கம். பிடுங்கிக் காய்ந்த வெங்காயத்தைக் கொட்டகை நிழலில் குவித்து, பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தாளையும் வேரையும் அரிந்து ஆளுக்கொரு சாக்கில் நிரப்புவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, அந்த வார அத்தியாயத்தை வாசிப்பேன். அவர்கள் கேட்டு முடித்தால்தான் அது செல்போனுக்குப் போகும். இதற்காகவே கதாநாயகனுக்குப் பெயர் வைப்பதில் பெரும் பாடு படுகிறேன். அங்கே உள்ள யாருடைய புருஷன் பெயரும் அவனுக்கு இருக்கக் கூடாது. இருந்தால், வயதில் மூத்தவர்கள் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். "அந்த ஆளு", "அவரு" என்றே கதை பேசுவார்கள். யார் எவரைச் சொல்கிறார்கள் என்று எனக்கே குழம்பிவிடும்.

கண்ணீரை நம்ப முடியாது என்றேன் அல்லவா. அதனால் நான் அவர்கள் கையைப் பார்ப்பேன். அரிகிற கை நின்றால் கதை நன்றாக இருக்கிறது, ஓடிக்கொண்டே இருந்தால் திருத்த வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. "உன் கதையில ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தாங்கன்னா அன்னைக்கு எனக்கு நாலு மூட்டை கொறையுது" என்பார். ஆனால் வாசிக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் இந்தக் கணக்கு தப்பவில்லை. ஒரே ஒரு முறை தப்பியது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக் கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். சோளம் அடிக்கிற மெஷினில் மாட்டியதில் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதே கையால் மற்றவர்களுக்கு ஈடாக அரிந்துவிடுவாள். தினமும் சாயங்காலம் வந்து மூட்டை வாய் தைப்பவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, அதிகம் பேச மாட்டார். தைக்கும்போது சாக்கின் இரண்டு மூலையிலும் பிடித்து இழுக்கக் காது விடுவார்கள். அவர் விடுகிற காது எப்போதும் சின்னது, எலிக்காது மாதிரி. லாரி நிற்கிற இடத்துக்கு மூட்டையை இழுத்துப் போகும் பெண்களுக்கு நகக்கண் எரியும். ஒருநாள் கவனித்தேன். அவள் நிரப்பிய சாக்குகளுக்கு மட்டும் காது பெரிதாக, முழுக் கையும் பிடிக்கிற அளவு இருந்தது. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாவலில் ரோஜாப்பூ, கடிதம், மழை என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உடனே எழுதிவிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று வெங்காயத்தை நெல்லாக்கினேன், கொட்டகையை ஜெயங்கொண்டத்து ரைஸ்மில் ஆக்கினேன், அவள் விரலில் இருந்த காயத்தை மணிக்கட்டுக்கு மாற்றினேன். சாக்கின் காதை மட்டும் மாற்றவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

புதன்கிழமை வாசித்தேன். காதைப் பற்றிய இடம் வந்ததும் பன்னிரண்டு கையும் ஒன்றாக நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றி வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. முந்தின நாள் தைத்த மூட்டைகள் லாரிக்காக வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாரும் அவள் மூட்டைகளின் பெரிய காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. மறுநாளும் வேலைக்கு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் அத்தியாயத்தைப் போடவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்துவிட்டுத்தான் அவள் கோபப்பட்டாள்.

"ஏன்க்கா, அவரு அப்புடிப் பண்றாருன்னு எனக்கே தெரியாதுக்கா. சாக்குன்னா காது இருக்கும், புடிச்சு இழுப்போம்னு இருந்தேன். நீங்க படிக்கிறப்பதான் திரும்பிப் பாக்குறேன். எனக்கு முன்னாடி பதினோரு பேரு பாத்துட்டாங்க."

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சுதான எழுதுனீங்க. மொதல்ல எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்ல."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையத்திலிருந்து அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். களத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளி முறை. "அம்மாக்காரியப் பத்தி ஒரு பேச்சு அவங்க காதுக்குப் போச்சுன்னா, குடுத்த தண்ணியக்கூடக் குடிக்காம எழுந்திரிச்சிருவாங்க. எட்டு வருசமா ஒரு பேச்சுக்கு எடம் குடுக்காம இருந்தேங்க்கா. ஒரு மணி நேரத்துல நீங்க குடுத்துட்டீங்க."

வீட்டுக்கு வந்து நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதற்குப் பதிலாகக் கதாநாயகன் மல்லிகைப்பூ வாங்கி வருவதாக அவசரமாக ஒன்றை எழுதி மறுநாள் போட்டேன். இதை எத்தனை தடவை எழுதுவீர்கள் என்று வாசகிகள் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தேன்.  ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் வாயால் கெடுத்துவிட்டோமே என்பதுதான் என் பயம்.

வெள்ளிக்கிழமை காலை களத்துக்குப் போய், அந்தப் பங்காளி முறைப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். வெளியே சொல்லிவிடாதே என்று கெஞ்சத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க படிச்ச கதை நல்லாவே இல்லக்கா. என்னா படிச்சீங்கன்னே மறந்துபோச்சு."

அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். "ஆமாக்கா, சுத்தமா நல்லால்ல." பதினோரு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கதையைத் திட்டினார்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வேண்டுமே, கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் அரிந்தார்கள்.

அப்போதுதான் மூட்டைகளைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் தைத்தவை. எல்லா மூட்டைக்கும் காது பெரிதாக இருந்தது. ஒன்று பாக்கியில்லை. என் வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். "பொம்பளைங்க எல்லாம் சேந்து அவருகிட்ட சண்டைக்குப் போயிட்டாங்க. கை எரியுது, எல்லாத்துக்கும் பெருசா வுடுங்கன்னு. அவரும் ஒண்ணும் பேசாம வுட்டுட்டாரு" என்றார். இனி எவர் வந்து பார்த்தாலும் அவள் சாக்கு எது என்று தெரியாது.

நான் பருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இத்தனை காலமாகக் காதல் எழுதுகிறோம், மனுஷ மனசு தெரியும் என்ற மண்டைக்கனம் எனக்கு இருந்தது. நான் வாயால் கெடுத்ததை, என் கதையை ஒரு எழுத்து விடாமல் கேட்ட அந்தப் பெண்கள் கையால் சரிசெய்துவிட்டார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற பாக்கியம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன். அந்தப் பதினோரு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், காப்பி குடித்தார்கள், சம்மதம் என்று கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டும் போனார்கள். தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை என்பதால் அவர்கள் குடித்தனம் அங்கே. பந்தியில் அவள் எனக்கு இலை போட்டாள், ஆனால் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மாசியில் அடுத்த வெங்காயம் எடுத்தபோது அவள் மறுபடி வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்காராமல் ஓரமாக உட்கார்ந்தாள். நாலாம் நாள், மற்றவர்கள் சாப்பிடப் போனபோது என்னிடம் வந்தாள்.

"அந்தக் கதை என்னாச்சுக்கா?"

"அன்னைக்கே அடுப்புல போட்டாச்சும்மா."

"திரும்ப எழுத வருமா?"

"எதுக்கு?"

"எழுதுங்க. மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

இரண்டு நாவல் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்து எழுதியதில்லை. இந்த முறை நெல்லும் ரைஸ்மில்லும் வைக்கவில்லை. வெங்காயம் வெங்காயமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் வாசித்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

முடித்ததும், "அவரு என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டு ஆளு வுட்டுருக்காருக்கா" என்றாள். "எனக்கும் சரின்னுதான் இருக்கு. மவகிட்ட சொல்லத்தான் வாய் வரல. போன்ல மாப்ள எப்புடி இருக்காரு, சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சிர்றேன். இதை அவளுக்கு அனுப்புங்க. அவ வேணாம்னா வேணாம்."

என்னை ஏன் காதல் கதையே எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அதுவரை ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்குப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஒரு மகளுக்கு அனுப்பும்போது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அனுப்பியதற்குப் பக்கத்தில் நீலக் குறி விழுந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயிரம் பேர் படிக்கிற தொடரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், ஒரே ஒருத்தி படித்து முடிக்கிறவரை நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் போன் அடித்தது. அவள் மடங்காத விரலால் தடுமாறி எதையோ அழுத்த, பேச்சு வெளியே கேட்டது.

"அம்மா."

"ம்."

"படிச்சேன்."

இவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அவரு சாப்பாட்டுக்கு என்னா பண்றாரு?"

"கடையிலதான்" என்றாள்.

"எத்தனை நாளைக்குத்தான் கடையில சாப்புடுவாரு" என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும், "வெங்காயக் காரம்க்கா" என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவருமே வெங்காயத்தைத் தொடவில்லை.