வாசலில் வைத்துவிட்டுப் போன போன்கள்

கொல்கத்தாவில், சால்ட் லேக்கில் நான் வேலை பார்த்த ஆபீஸில் யாரும் போனை உள்ளே கொண்டு போகக் கூடாது. வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் இடம் என்பதால் அப்படி ஒரு விதி. கீழே செக்யூரிட்டி மேஜைக்குப் பின்னால் ஒரு மர அலமாரி உண்டு. புறாக்கூடு மாதிரி சின்னச் சின்னத் தடுப்புகள், ஆளுக்கு ஒன்று. காலையில் அதில் போனை வைத்தால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் எடுக்கலாம். பல வருடமாக அப்படியே நடந்து வந்ததால் அந்த அலமாரி யார் கண்ணிலும் படுவதில்லை.

நான் இரண்டாவது மாடி பேன்ட்ரியில் டீ போடுபவள். அதே மாடியைப் பெருக்கித் துடைக்க ஒரு தீதி வருவாள். என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு அவள் தீதி, அதாவது அக்கா; அவளுக்கு நான் பௌதி, அண்ணி. எனக்கு வங்காளம் நன்றாகவே வரும். ஆனால் நாலு பேர் நிற்கும் இடத்தில் பேசக் கூச்சம், வாய் திறக்காது. தீதி அப்படியில்லை. மதியம் பேன்ட்ரியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பேச்சு சுற்றிச் சுற்றிக் கணவரிடம் வந்து நிற்கும். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கொரோனா தொற்றினால் அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாலிகஞ்ச் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவர்களுக்கு ஒற்றை அறை வீடு. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

ஊரடங்கு தளர்ந்து ஆபீஸ் திறந்தபோது மேலிடத்து உத்தரவு வந்தது. எல்லோர் போனிலும் அரசாங்கத்தின் கொரோனா ஆப் இருக்க வேண்டும், நோய் வந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அது சொல்லிவிடும், வாசலில் பச்சை காட்டினால்தான் உள்ளே போகலாம் என்றார்கள். என்னுடையது பட்டன் போன். நெற்றியில் காய்ச்சல் பார்த்து என்னை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள்தான் முரண்டு பிடித்தார்கள்.

“அது நேரா போலீசுக்குக் கதை சொல்லும். நாம எங்க போறோம், எங்க வர்றோம், எல்லாம் போயிரும்” என்றார் லிஃப்ட் இயக்குகிறவர்.

“நீ எங்க போற? மேல போற, கீழ வர்ற. அதைத் தெரிஞ்சுக்கிட்டு போலீஸ் என்ன பண்ணப் போவுது?” என்றாள் தீதி.

எலெக்ட்ரீஷியனுக்கு வேறு கவலை. “என் போன்ல இடமே இல்ல தீதி. மச்சினன் கல்யாண வீடியோவை அழிச்சேன்னா என் பொண்டாட்டி என்னை அழிச்சிருவா.”

சிரிப்பாகத்தான் பேசினார்கள். உள்ளே இருந்தது பயம். நிறம் மாறினால் ஆள் வரும், மூங்கில் கட்டித் தெருவை அடைப்பார்கள், அக்கம்பக்கம் முழுக்க விரல் நீட்டும். எங்கள் வீட்டிலும் அதே பேச்சு.

“நல்லவேள, ஒன் போன்ல அதெல்லாம் ஏறாது” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. “செவப்பு காட்டுச்சுன்னு வையி, தெருவையே அடைச்சிருவான். பொறவு வீட்டுக்காரன் நம்மள இருக்க விடுவானா?”

எலெக்ட்ரீஷியனே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருநாள் மட்டும் ஆப்பைப் போட்டு, பச்சை வந்ததும் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு, ஆப்பை எடுத்துவிட்டார். அந்தப் படம் லிஃப்ட்காரர், டிரைவர், பம்பு போடுகிறவர் என்று எல்லோர் போனுக்கும் போனது. காலையில் வரிசையில் நின்று ஒரே படத்தை ஒருவர் பின் ஒருவராகக் காட்டினார்கள். செக்யூரிட்டிக்கும் தெரியும். வரிசை நகர்ந்தால் போதும் என்று அவர் தலையாட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர், “என்ன அழகான பச்சை, பார்த்துக்கோங்க அண்ணா” என்று சொன்னபோது நானும் சிரித்தேன்.

தீதிக்கும் அந்தப் படத்தை அனுப்புகிறேன் என்றார்கள். “படம் எனக்கெதுக்கு? வீட்டுல அவர் இருக்காரு. என் பக்கத்துல எவனாவது வந்திருந்தா எனக்குத் தெரியணும்ல?” என்று மறுத்துவிட்டாள். தினமும் வேலை முடிந்து போனை எடுத்ததும் முதலில் நிறத்தைப் பார்ப்பாள். பச்சை என்றால் முகமே மாறும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் தைரியமாக உட்காரலாம்.

ஒருநாள் ஆரஞ்சு வந்தது.

அலமாரி அருகிலேயே நின்றுவிட்டாள். நோய் வந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறாள் என்று போன் சொன்னது. யார் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தவரா, மருந்துக்கடையில் நின்றவரா என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். சுகாதார மையத்தில், காய்ச்சல் இல்லாதவர்களுக்கு இப்போது டெஸ்ட் இல்லை, இரண்டு வாரம் யாரோடும் சேராமல் இருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவே அவள் தன் வீட்டை விட்டு வந்து எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டாள். கணவரைப் பார்த்துக்கொள்ளவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் அவர் தம்பி வந்தார். அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோதெல்லாம் அவள் சந்தில் ஜன்னலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்தேன். கட்டில் உள்ளே ஜன்னலை ஒட்டி இருந்தது.

“உள்ள வா. எனக்கு ஒண்ணும் ஆவாது” என்பார் அவர்.

“போன் வேண்டாங்குது.”

“உன் போனைக் கட்டிக்கிட்டியா, என்னைக் கட்டிக்கிட்டியா?”

“உன்னைத்தான். அதான் வெளிய நிக்கிறேன்.”

அவர் சிரிக்கப் பார்ப்பார், மூச்சு வாங்கும். கம்பி வழியாகக் கையை நீட்டுவார். அவள் ஓரடி பின்னால் போவாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு பிற்பகல் அவர் இறந்துபோனார். இந்த நோய் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். செய்தி கேட்டு நான் போனபோது அவள் வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. அவர் தம்பிதான், “இனிமே அவருக்கு என்ன வரப்போவுது பௌதி, உள்ள வாங்க” என்று தன் அண்ணியிடம் சொன்னார். அதன் பிறகுதான் படியேறினாள். கடைசிவரை அவளுக்குக் காய்ச்சல் வரவேயில்லை.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அலமாரியில் தன் தடுப்பில் போனை வைக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

“இந்தப் பக்கத்துத் தடுப்பு யாரோடது?”

“நாலாவது மாடி, மெஷின் ரூம் சார்” என்றார் லிஃப்ட்காரர். “அவருக்குத்தான் கொரோனா வந்துச்சே. நல்லாயிட்டாரு. நேத்துலேர்ந்து வர்றாரு.”

“நான் அவரைப் பார்த்ததே இல்லையே.”

பார்த்திருக்க முடியாதுதான். விடியும் நேரத்தில் வந்து வெயில் சாய்வதற்குள் போய்விடுகிறவள் அவள். அவர் வருவதே உச்சிவேளையில். காலை வரிசையில் நிற்காதவர் என்பதால் எங்கள் படம் அவருக்குப் போகவில்லை, அவர் போனில் இருந்தது நிஜமான ஆப். அவர் நாலாவது மாடியில் இருந்தார், அவள் இரண்டாவது மாடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவை போன்கள் மட்டும்தான்.

அவள் அலமாரி முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

“உங்க போனெல்லாமும் இங்கதானே இருந்துச்சு? உங்க யாருக்கும் ஏன் வரல?”

லிஃப்ட்காரர் குனிந்துகொண்டார். நாலைந்து போன்களிலாவது நிஜமான ஆப் இருந்திருந்தால் நாலைந்து பேருக்கும் ஒரே நாளில் ஆரஞ்சு வந்திருக்கும். டிரைவர், பம்புக்காரர், மூன்றாவது மாடி எலெக்ட்ரீஷியன் என்று ஒருவரோடொருவர் சேராத ஆட்கள். இது என்ன கூத்து என்று யாராவது கேட்டிருப்பார்கள், அலமாரியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் வந்ததால் அது உண்மையென்றே எல்லோரும் நம்பினோம்.

“தீதி, நாங்க அந்தப் படத்தை...” என்று எலெக்ட்ரீஷியன் ஆரம்பித்தார்.

“தெரியும்” என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

மதியம் வழக்கம்போல என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே அவளாகவே சொன்னாள்.

“கடைசி நாள் காலையில முதுகு அரிக்குதுன்னாரு பௌதி. தம்பி சொறிஞ்சான், அவனுக்கு இடம் பிடிபடல. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னு, இன்னும் மேல, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”