குமுளிப் பிறை

மகள் கைப்பேசியில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறாள். ஹிஜ்ரி புத்தாண்டுக்கான இலக்குகளாம். தொழுகைக்கு ஒரு கட்டம், குர்ஆனுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, உறவுகளுக்கு ஒன்று. நிரப்பி அனுப்பினால் மாதாமாதம் ஞாபகப்படுத்துமாம். எனக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் யார் சொல்வது? உறவுகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

இலக்கு என்ற சொல்லெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. நிய்யத் என்போம், மனதில் வைக்கிற உறுதி. கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் நானும் காதரும் வேலை பார்த்தோம். துல்ஹஜ் மாதத்தின் கடைசி நாள், சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் ஆளுக்கொரு காகிதத்தில் வரும் வருடத்து நிய்யத்தை எழுதிவிடுவோம். சூரியன் மறைந்தால் முஹர்ரம், புது வருடம் ஆயிற்றே. வியாபாரிகளுக்கு ஏலக்காய்ச் சாம்பிள் மடித்துக் கொடுக்கிற காகிதம் அது. சட்டைப்பையில் வைத்தால் நாலு நாளைக்குப் பாயசம் வைத்த வீடு மாதிரி மணக்கும். விடியற்காலை சுபுஹைப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுவது, கோபத்தை அடக்குவது, பீடியை விடுவது. ஐந்தாம் நாள் மணம் போய்விடும், பீடி திரும்பிவிடும். "ரசூலுல்லா ஊர விட்டே ஹிஜ்ரத் போனாக. நம்மால பீடிய விட்டுப் போக முடியலையேப்பா" என்பான் காதர்.

ஏலக்காய் மணம் வந்தாலே எனக்குக் குமுளியும் வந்துவிடும். அக்கா ஜொஹராவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். கம்பத்திலிருந்து மலையேறினால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம், பிறையும் மாறிவிடும். எங்களுக்குத் தமிழ்நாட்டுப் பிறை, அவர்களுக்குக் கேரளப் பிறை. பல வருடங்களில் அங்கே ஒரு நாள் முந்தியே மாதம் பிறந்துவிடும். பக்ரீத்துக்கு முதல் நாள் அக்கா வீட்டில் அரிசிப் பத்திரியும் கறியும், மறுநாள் இங்கே பிரியாணி. அந்தக் கணக்கில் நான் ஒரு வருடமும் பிசகியதில்லை.

அவள் மகளின் நிக்காஹ்வுக்குத்தான் பிசகினேன். கடையில் நல்ல சீசன். கேட்டிருந்தால் முதலாளி அனுப்பியிருப்பார். இன்னும் ரெண்டு மூட்டைதானே, முடித்துவிட்டுப் போகலாம் என்று நானே தள்ளிப் போட்டேன். போய்ச் சேர்ந்தபோது பெண்ணை அனுப்பிவிட்டு அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா சத்தம் போடவில்லை. "ஏலே, தாய்மாமன் எங்கன்னு சபையில கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு முஹர்ரத்துக்கும் என் காகிதத்தில் முதல் வரி, அக்காவிடம் போய் மாப்புக் கேட்பது. காதர் துபாய்க்குப் போன பிறகும் தனியாக உட்கார்ந்து எழுதினேன். பதினோரு வருடம். ஒரு மணி நேர பஸ். எழுதி முடித்ததும் பாதி மன்னிப்புக் கிடைத்துவிட்ட மாதிரி மனசு லேசாகிவிடும். அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது.

பன்னிரண்டாம் வருடம் துல்ஹஜ்ஜில் அக்கா மகன் அன்சாரி போன் செய்தான். அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, முஹர்ரம் பிறந்ததும் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்றான். அப்புறம், "மாமா, முஹர்ரம் ஒண்ணாம் பெறைக்கு அம்மா ஒங்கள வரச் சொன்னாக. புது வருசம், பழசெல்லாம் விட்ருவோம்னாக" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கிலீஷ் தேதி என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. பக்ரீத்துக்கு மறக்காத கணக்கு முஹர்ரத்துக்கு மறந்துபோயிற்று. புது வருடப் பிறப்புக்கு எந்த வீட்டில் கறி ஆக்குகிறார்கள், நான் ஞாபகம் வைத்துக்கொள்ள?

கம்பத்தில் பிறை அறிவித்தார்கள். மறுநாள் சுபுஹு தொழுத கையோடு முதல் பஸ் ஏறினேன். அவளுக்குப் பிடிக்குமென்று ஓடைப்பட்டி திராட்சை இரண்டு கிலோ. வருடம் பிறந்த அன்றைக்கே முதல் வரியை அடித்துவிடப் போகிறேன் என்ற பெருமை வேறு. வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வெளியே வந்து யாரென்று விசாரித்தார். சொன்னேன். "நேத்துல்ல ஒண்ணாம் பெறை. சோறாக்கி வச்சுட்டு அஸர் வரைக்கும் வாசல்லயே இருந்தாக. இன்னைக்கு விடிய கார்ல கூட்டிட்டுப் போயிட்டாக" என்றார். அன்சாரி எனக்குப் போன் போடப் போனானாம். கூப்பிட்டு வரவழைக்காதே, தானாக வரட்டும் என்று அக்கா தடுத்துவிட்டாளாம். அப்புறம் அந்தப் பெண்மணி திராட்சைப் பையைப் பார்த்தபடி சொன்னார். "சாயங்காலம் எந்திரிச்சு உள்ள போகும்போது, அவன் வர மாட்டான்னு எனக்குத் தெரியும்னாக."

மலைப்பாதையில் அன்சாரியின் போன் எட்டவில்லை. மாலையில் எடுத்தான். வழியிலேயே அக்காவுக்கு மூச்சுத் திணறி, நினைவில்லாமல்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். நான் பிறைக் கணக்கைத் திக்கித் திக்கிச் சொன்னேன். கண் முழித்ததும் முதலில் இதைத்தான் சொல்வேன் என்றான். அக்கா கண் முழிக்கவில்லை.

குமுளியில்தான் அடக்கம். இப்போது அன்சாரி சவூதியில். வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு, படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். பக்ரீத்துக்கு முதல் நாள் எனக்கு மலைமேல் இலை போட ஆளில்லை. குமுளியில் என்றைக்குப் பிறை என்று நான் யாரிடமும் கேட்பதில்லை.

அல்லாஹ்வுக்குச் செய்த தவற்றை அவன் மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மலையேறி வந்தேன் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும், அன்சாரிக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அக்காவுக்குத்தான் தெரியாது.